பலகையில் இருந்த ழகரம்

பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். கபீர் பாய் அப்படி நின்றால் பக்கத்தில் எங்கோ தமிழ் எழுதியிருக்கிறது என்று பொருள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லிஃப்ட் கதவருகே ஒட்டியிருந்த கொசு எச்சரிக்கையை மூக்கு உரசும் தூரத்தில் நின்று படித்தார். பிறகு வலக்கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார். தாளைத் தொடாமல், சற்றுத் தள்ளி, காற்றில் ஒரு வளைகோடு போட்டார். கீழ் வரியில் கிடந்த இரண்டு எழுத்துகளை மேல் வரிக்கு ஏற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு சுழி சுழித்தார். இதற்குள் லிஃப்ட் வந்து, திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போயே போய்விட்டது.

"தண்ணீர் தேங்காமல்னு போடணும். தேங்கான்னு ஒரு வரியில நிறுத்திட்டு, மல்னு அடுத்த வரியில தொங்க விட்டிருக்கான் பாருங்கம்மா. கொசுவுக்குச் சட்னி அரைக்கப் போறானா?"

அஹமது கபீர் எனக்கு மேல் மாடிக்காரர். அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா, அதற்குத் துணையாக ஒரு மாற்றுச் சிவப்புப் பேனா. உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போகிறார். சிராங்கூன் ரோட்டின் பின்சந்தில் இருக்கும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் கந்தூரி அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர்த் தமிழர்களின் நல்லதும் கெட்டதும் அவர் கண்ணுக்குக் கீழே போய்த்தான் வெளியே வர வேண்டும். எந்தக் குடும்பம் எந்தச் சித்தப்பாவின் பெயரைப் பத்திரிகையிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதில் அவருக்கு ருசி இல்லை. சித்தப்பாவுக்கு ஒற்று மிகுந்ததா என்பதில்தான் ருசி.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொல் அவரை ஆயுள் முழுக்க விரட்டி வந்திருக்கிறது. 'அன்புடன் அழைக்கிறோம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அன்புடன் அலைக்கிறோம்' என்று தட்டிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். "கல்யாணத்துக்குக் கூப்பிடறியா, ஊரையே அலைக்கழிக்கப் போறியான்னு கேப்பேன். ரெண்டும் ஒண்ணுதானே பாய், எப்படி எழுதினாலும் சாப்பிட வந்துடுவாங்க லா, அப்படிம்பான்." இதைச் சொல்லும்போது கபீர் பாய் சிரிக்கவே மாட்டார். மார்க்கெட்டில் வாழைப்பழம் கேட்கும்போதுகூட நாக்கை உள்ளே மடித்து, இரண்டு ழகரத்தையும் கூர்மையாக உச்சரித்துத்தான் கேட்பார். கடைக்காரர் பழத்தைக் கொடுப்பதற்குள் வரிசை நீண்டுவிடும்.

பொதுச்சுவரில் பேனா வைத்தால் இந்த ஊரில் என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியாதா? அதனால்தான் காற்றில் திருத்துகிறார். எம்ஆர்டி ரயில் நிலையத்தில், பஸ் நிறுத்தத்தில், மருந்தகத்தில், விரலை ஆட்டிக்கொண்டு நிற்கிற இந்த மனிதரைப் பார்த்து ஏதோ மந்திரிக்கிறார் என்று விலகிப் போகிறவர்கள் உண்டு. அவர் மனைவி பதுருன்னிசா என்னிடம் ஒருமுறை அழாத குறையாகச் சொன்னார்: "கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, கொத்தமல்லி வராது. கொத்தமல்லிக்கு மேல மாட்டியிருந்த போர்டோட போட்டோதான் வரும்."

போன வருஷம் எங்கள் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கிற பூங்காவில் ஒரு சிற்பம் முளைத்தது. ஏதோ ஒரு கம்பெனி, தன் ஆண்டு நிறைவுக்காக ஊருக்குக் கொடுத்த பரிசு. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் மூன்று, புல்தரையிலிருந்து கிளம்பி, ஒன்றைவிட ஒன்று உயரமாக எழும்பி, உச்சியில் மடிந்து நிற்கும். பின்னால் போய்ப் பார்த்தால் யாரோ பாதியில் விட்டுப்போன சறுக்குமரம். ஏறாதே என்று படம் போட்டிருப்பதால் பிள்ளைகள் அதில்தான் ஏறின. நண்பகலில் தொட்டால் கை வெந்துவிடும். சாயங்காலத்தில் மட்டும் எங்கள் புளோக்குகள் அதற்குள் வளைந்து நெளிந்து தெரியும், பார்க்கக் கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும்.

"எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டேன்.

"என்னம்மா எப்படி இருக்கு?"

"சிற்பம்."

"அதுல எழுத்து ஒண்ணும் இல்லையேம்மா."

ஆனால் அதன் கீழே ஒரு பலகை இருந்தது. நான்கு மொழியிலும் சிற்பத்தின் பெயர். மேலே ஆங்கிலத்தில் 'வேவ்', அடுத்து மலாயில் 'ஒம்பாக்', பிறகு சீனம், கடைசியில் வழக்கம்போல நாம். எல்லாரும் அலை என்று சொல்லியிருக்க, தமிழில் மட்டும் 'அழை' என்று பொறித்திருந்தார்கள்.

எங்கள் புளோக்குகளில் தமிழர் வீடுகளுக்குக் குறைவில்லை. அந்தப் பாதையில்தான் எல்லாரும் காலையில் ரயிலுக்கு ஓடுகிறோம், மாலையில் நடக்கிறோம், நாயை அழைத்துக்கொண்டு போகிறோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. படித்தால்தானே படும்! நாமெல்லாம் முதல் வரியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஜாதி. கடைசி வரி வரை போகிறவர் ஒருவர்தான் இருந்தார், அவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விட்டது.

அந்தக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினார். தமிழில்தான் எழுதினார். ஆங்கிலம் தெரியும், ஆனாலும் தமிழ்ப் பிழைக்குத் தமிழில்தான் புகார் என்பது அவர் கொள்கை. 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி நன்றி வந்தது. நன்றி வர வர அவர் கடிதங்களின் சூடு ஏறியது. ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன் என் வீட்டுக் கதவைத் தட்டி, நின்றபடியே வாசித்துக் காட்டுவார். 'பணிவன்புடன்' என்று முடித்துக்கொண்டிருந்தவர் 'அன்புடன்' என்று இறங்கி, கடைசியில் வெறும் 'அ. கபீர்' ஆனார்.

இதற்கிடையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷங்கர் அவரிடம் மாட்டினார். ஷங்கர் ராமநாதபுரத்துக்காரர், கட்டுமான வேலை, பக்கத்துத் தங்குவிடுதியில் இருக்கிறார். ஞாயிறு பிற்பகலில் அவரும் கூட்டாளிகளும் சிற்பத்தின் நிழல் விழுகிற பக்கமாகப் புல்லில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஊருக்குப் பேசுவார்கள். மனைவி, குழந்தை, ஆட்டுக்குட்டி எல்லாம் திரைக்குள் வந்து போகும். பெரிய தகடு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் குரல் கணீரென்று கேட்கும்.

கபீர் பாய் நேராகப் போய்ப் பலகையைக் காட்டினார். "இதைப் படிச்சீங்களா தம்பி?"

"படிச்சோமே பாய். அதைப் பாத்துட்டுத்தானே இங்க வர ஆரம்பிச்சோம்."

"என்னன்னு படிச்சீங்க?"

"அழைன்னு. ஊருக்கு போன் போட கவருமெண்டு ஏதோ ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்கு போலன்னு நெனச்சோம். வைஃபை இருக்கும்னு இந்தத் தகரத்தையே சுத்திச் சுத்தி வந்தோம். ஒண்ணும் இல்ல. சரி, எழுதிட்டான், பேசிட்டுப் போவோம்னு உக்காந்துட்டோம்." கூட்டாளிகள் சிரித்தார்கள். "இப்ப இந்த இடத்துக்கே அதான் பாய் பேரு. அழைகிட்ட வாடான்னா எல்லாவனும் வந்துடுவான்."

"அது தப்பு தம்பி. அலைன்னு இருக்கணும். கடல் அலை."

ஷங்கர் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும் பாய். இந்த ஊர்ல தமிழ்ல எழுதியிருக்கறது பூரா உக்காராதே, துப்பாதே, கடக்காதேன்னுதான் இருக்கு. இது ஒண்ணுதான் என்னமோ செய்யச் சொல்லுது."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கபீர் பாய்க்குப் பிடிக்கவில்லை. "தப்பு தப்புதாம்மா," என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "அவங்க பாவம் நம்பி உக்காந்திருக்காங்க. எழுதினவனுக்குக் கேடு." அன்று இரவே கடைசிக் கடிதத்தை எழுதினார். இந்த முறை கம்பெனியின் பெரிய தலைகள் யார் யார் என்று தேடிப் பிடித்து, அத்தனை பேருக்கும் நகல் போட்டார். 'இதை எழுதியவருக்குத் தமிழும் தெரியாது, தெரியாது என்ற வெட்கமும் கிடையாது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அதில் அவருக்குப் பெருமை. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன், வரி நன்றாகத்தான் இருந்தது.

நன்றி என்று பதில் வரவில்லை. பலகை மாறியது.

ஒரு சனிக்கிழமை காலை பதுருன்னிசாதான் மாடியிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார், யாரோ பலகையைக் கழற்றுகிறார்கள் என்று. பாய் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார். மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளையைப் போல வேகமாக நடந்தார். நாங்கள் போவதற்குள் ஆட்கள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, ஓர் இளம்பெண் புதுப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பலகை பளபளவென்று இருந்தது. 'வேவ்' என்று ஆங்கிலத்தில். கீழே சிற்பியின் பெயர், கம்பெனியின் பெயர், ஏறக்கூடாது என்ற படம், மூலையில் ஒரு கியூஆர் சதுரம். அவ்வளவுதான். மலாய் இல்லை, சீனம் இல்லை. கடைசி வரி இருந்த இடத்தில் வெற்று எஃகு.

கபீர் பாய் பலகையின் பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தார்.

"நான்தாம்மா கபீர்," என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் கைபேசியை இறக்கினாள். அனுப்ரியா என்று அட்டையில் இருந்தது. "ஓ. ஈமெயில் கபீர் அங்கிள்." சிரிக்க முயன்றாள். "செட்டில் ஆயிருச்சு அங்கிள். இப்ப மிஸ்டேக்கே இல்ல."

"மிஸ்டேக் இல்லம்மா. தமிழும் இல்லையே."

"மேனேஜ்மெண்ட் டிசைட் பண்ணிட்டாங்க. ஒரு லாங்வேஜ்ல கம்ப்ளெய்ண்ட் வந்தா மத்ததுலயும் வரும், யாரு செக் பண்றது, எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு. கியூஆர் இருக்கு லா அங்கிள்."

"ரெண்டே எழுத்தும்மா அது. ஒண்ணை மாத்தினா போதும். நான் வந்து எழுதிக் குடுத்திருப்பேனே."

"நீங்க அப்படியா எழுதினீங்க?" அவள் குரல் திடீரென்று மாறியது. "ஆபீஸ்ல தமிழ் நான் ஒருத்திதான். அந்த வேர்டை நான்தான் அங்கிள் டைப் பண்ணேன். போன்ல அடிச்சா ரெண்டு மூணு மாதிரி வந்துச்சு. எது கரெக்ட்னு ஷ்யூரா தெரியல. ஸ்கூல்ல டீச்சர் எப்பவும் ழ-தான் தமிழுக்கே ஸ்பெஷல்னு சொல்வாங்க. அது போட்டா இன்னும் நல்ல தமிழா இருக்கும்னு நெனச்சேன்."

கபீர் பாய் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார்.

"உங்க ஈமெயிலையும் நான்தான் ட்ரான்ஸ்லேட் பண்ணேன். அந்த ஷேம் லைன். என்ன எழுதியிருக்கார்னு பாஸ் கேட்டார், மீட்டிங்ல. எல்லார் முன்னாலயும் நானே என்னைப் பத்தி இங்கிலீஷ்ல சொன்னேன்."

"நீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

"யாரா இருந்தா என்ன அங்கிள்." அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "பரவால்ல. இனிமே தமிழ்ல ஏதாச்சும் போடணும்னா என்னைக் கேக்க மாட்டாங்க. யாரையும் கேக்க மாட்டாங்க." சொல்லிவிட்டுப் பாதையைப் பார்த்து நடந்தாள். கார் நிறுத்துமிடம் வரை நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் அந்தச் சதுரத்தைப் படம் பிடித்துப் பார்த்தேன். ஆங்கிலப் பக்கம் திறந்தது. மேலே நான்கு பொத்தான்கள். தமிழ் என்றிருந்ததை அழுத்தினால் மறுபடியும் அதே ஆங்கிலப் பக்கம்தான் திறந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கைபேசியைத் தகட்டின் மேல் எறியலாம் போலிருந்தது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். பிழையைத் திருத்தத் தெரியாமல் மொழியையே கழற்றி எடுத்துக்கொண்டு போன புத்திசாலிகள் மேல், பலகை இருந்தவரை அதன் பக்கம் திரும்பாத எங்கள் புளோக்குக்காரர்கள் மேல், ஒரு சின்னப் பெண்ணைப் புண்படுத்திய அந்த அழகான வரியின் மேல்.

"ஒரு ழவுக்காக மூணு பாஷை போச்சே," என்றார் கபீர் பாய். அதைக்கூட ழகரம் சுத்தமாகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் அந்தக் கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் பெயருக்கு எழுதியது என்று மட்டும் சொன்னார். பதில் வரவில்லை. நன்றிகூட வரவில்லை.

விரல் நின்றுவிட்டது. லிஃப்ட் வந்தால் உடனே ஏறிக்கொள்கிறார். அவரைச் சீண்டிப் பார்க்கலாம் என்று, பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினேன். 'பொங்கல் நல்வாழ்த்துக்கள்' என்று இருந்தது. முன்பெல்லாம் அந்த வேண்டாத 'க்'குக்காகப் பஸ்ஸையே விட்டுவிடுகிற மனிதர். "வாழ்த்தறான்ல, வாழ்த்தட்டும்," என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தார். அச்சகத்திலும் பத்திரிகைகள் சீக்கிரம் கைமாறுகின்றனவாம். முதலாளிக்குச் சந்தோஷம். பதுருன்னிசாவுக்குத்தான் சந்தோஷம் இல்லை. "இப்பல்லாம் கொத்தமல்லி ஒழுங்கா வருதும்மா," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "அதான் பயமா இருக்கு."

காலையில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். இப்போதுதான் சிற்பத்தைப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும். படிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை அல்லவா.

போன சனிக்கிழமை இரவெல்லாம் மழை. ஞாயிறு காலையில் வெயில் வந்தும் வராமலும் புழுங்கியது. கோப்பிக்கடையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த நான் பாயைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தகடுகள் மூன்றும் ஈரம் பூத்து, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கியிருந்தன. ஷங்கர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். புல் நனைந்திருந்ததால் நின்றுகொண்டே கைபேசியில் யாருக்கோ வழி சொன்னார்.

"அழைகிட்டதான்டா நிக்கிறேன். ஆமா, அழைகிட்ட. புதுசா வந்தவனையும் கூட்டிட்டு வந்துடு, இடம் தெரியாம முழிப்பான்."

கபீர் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"போர்டைத்தான் எடுத்துட்டாங்களே தம்பி," என்றார்.

"அதனால என்ன பாய்," என்றார் ஷங்கர். பிறகு தலையைச் சொறிந்தார். "புதுசா வர்ற பயலுவதான் நம்ப மாட்டேங்கிறானுங்க. எங்க எழுதியிருக்கு, காட்டுன்னு கேக்கறானுங்க."

பாய் எழுந்தார். கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்து, நடுத் தகட்டுக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஏறாதே என்ற படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏறலம்மா, தண்ணிதான், வெயில் வந்தா போயிடும்," என்று என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வலக்கை ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. இந்த முறை காற்றில் நிற்காமல் தகட்டைத் தொட்டது. 'அ' எழுதினார், பெரிதாக. அடுத்து ஐகாரக் கொம்பைச் சுழித்தார். அதுவரை அலைக்கும் அழைக்கும் ஒரே வழிதான். அங்கே விரல் நின்றது. முதல் எழுத்தின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஷங்கர் கைபேசியைக் காதில் வைத்தபடியே பக்கத்தில் வந்து நின்றார். கபீர் பாய் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ழகரத்தை எழுதி, அதன் வாலை நீளமாகக் கீழே இழுத்துவிட்டார்.